ஊத்தங்கரை டு தலசேரி... ஒரு சர்க்கஸ் ரூட்!

ஊத்தங்கரைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்? ப்ளஸ் டூ மார்க். அவ்வளவுதானே! 'அங்கே ஹாஸ்டல்ல போட்டுட்டா பையன் தேறிடுவான்'னு ஊர் ஊரா அப்பா, அம்மாக்கள் பேசின காலம் ஒண்ணு உண்டு. டிரங்குப் பெட்டியோட வந்து இறங்கி, ரெண்டு வருஷம் புத்தகத்துக்குள்ள தலையை விட்டு, கவுன்சலிங் தேதியோட பஸ் ஏறிப் போன பசங்களுக்கு இந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டைத் தவிர வேறெதுவும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

அவங்க பார்க்காத ஊத்தங்கரை ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் திருவண்ணாமலை ரோடு, இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி ரோடு. இந்தாண்ட அரூர் வழியா சேலம், அந்தாண்ட திருப்பத்தூர். நாலு திசையிலயும் கிளம்பிப் போக வழி இருக்கிறதால, ஊர் ஊரா திரிஞ்சு பிழைக்கிறவங்களுக்குத் தோதான இடம். கழைக்கூத்தாடி வருவாங்க. குரங்காட்டி வருவார். பூம்பூம் மாட்டுக்காரர் வருவார். கோடை வந்தா சுத்துப்பட்டு கிராமங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் வாசல்ல பதினெட்டு நாள் பாரதக் கூத்து. இவங்க எல்லாரையும்விட எங்க செட்டுக்குப் பெரிய ஹீரோ ஒருத்தர் இருந்தார். சைக்கிள் சர்க்கஸ்காரர்!

இப்போ காலேஜ் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் பார்த்திருக்க மாட்டீங்க. சொல்றேன். பள்ளிக்கூட மைதானத்துல நடுவுல ஒரு மூங்கில் கம்பம். அதைச் சுத்தி டியூப் லைட், கலர் பேப்பர் தோரணம், ரெண்டு குழாய் ஸ்பீக்கர். ஒரு ஆள் சைக்கிள்ல ஏறி கம்பத்தைச் சுத்த ஆரம்பிச்சார்னா, ஏழு நாளைக்கு இறங்க மாட்டார். சோறு சைக்கிள் மேலயே. குளியல் சைக்கிள் மேலயே. சோப்பு போட்டுக்கிட்டே ஒரு கையால ஹேண்டில் பாரைப் பிடிச்சு சுத்துவார். ஷேவிங்கூட அதுலதான். ராத்திரி ரெண்டு மணிக்கு நிஜமாவே இறங்காம இருக்காரான்னு நாங்க நாலு பேர் திருட்டுத்தனமா போய்ப் பார்த்திருக்கோம். கூட்டமே இல்லாத மைதானத்துல, லைட்டெல்லாம் அணைச்சு ஒரே ஒரு பல்ப் வெளிச்சத்துல, அவர் மெதுவா சுத்திக்கிட்டிருந்தார். செயின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

சாயங்காலம் ஆனா மைதானமே வேற மாதிரி ஆயிடும். எம்.ஜி.ஆர். பாட்டுக்கு ஒரு அக்கா ரெக்கார்டு டான்ஸ் ஆடும். பபூன் ஒருத்தர் வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழுவார். நம்ம ஹீரோ நெஞ்சுல டியூப் லைட்டை உடைச்சுக்குவார், பல்லால அம்மிக்கல்லைத் தூக்குவார். ஒருநாள் குழி வெட்டி, உள்ளே படுத்து, மேலே மண்ணு போட்டு மூடச் சொன்னார். எங்க ஆயா எழுந்து 'வேணாம்டா சாமி'ன்னு கத்தினாங்க. கடைசி நாள், மைக்ல பேர் சொல்லிச் சொல்லி ஊர் ஜனம் ரூபா நோட்டை அவர் சட்டையில குத்தும். அஞ்சு ரூபா, பத்து ரூபா. அதுதான் சம்பளம்.

அப்புறம் கேபிள் டிவி வந்துச்சு. சைக்கிள் சர்க்கஸ் வரலை. நாங்களும் தேடலை.

அவரை நான் மறுபடி பார்த்தது 2024 நவம்பர்ல, ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுல. கிருஷ்ணகிரி பஸ்சுக்கு நின்னுக்கிட்டிருந்தார். நீலக் கலர் செக்யூரிட்டி சட்டை, கையில டிபன் பை. ஓசூர்ல ஒரு கம்பெனி கேட்ல வாட்ச்மேன். வாரத்துக்கு ஒருதடவை ஊருக்கு வந்துட்டுப் போவாராம். முன்பல் ரெண்டு இல்லை (அம்மிக்கல்!). நடையை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். கால் ரெண்டும் பெடல் மிதிக்கிற மாதிரியே வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கும்.

"அண்ணா... நீங்க சைக்கிள் சர்க்கஸ் அண்ணன்தானே?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "யாருப்பா உனக்குச் சொன்னது?"

"நான் பார்த்திருக்கேண்ணா. எங்க ஸ்கூல் கிரவுண்டுலதான்."

அவர் பையைக் கீழே வெச்சார். "இதை வந்து எங்க கம்பெனி கேன்டீன்ல சொல்லுவியா? ஏழு நாள் இறங்காம ஓட்டினேன்னு சொன்னேன். சின்னப் பசங்க. 'கதை விடாத தாத்தா'ன்னு சிரிக்கிறானுங்க. காட்டறதுக்கு ஒரு போட்டோ இல்லப்பா. ஒரு நோட்டீசுகூட இல்ல."

பஸ் வந்துடுச்சு. ஏறிட்டார். நான் போன் நம்பர் மட்டும் வாங்கிக்கிட்டேன்.

அதே மாசம்தான் ஒரு செய்தி கண்ணுல பட்டுச்சு. கேரளாவுல ஸ்ரீதரன் சம்பாட்னு ஒரு எழுத்தாளர் 86 வயசுல காலமானார். சாதாரண எழுத்தாளர் இல்லை. கிரேட் ரேமன் சர்க்கஸ்ல பார் விளையாடினவர்! ஆமா பாஸ், கூடார உச்சியில ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுற அதே பார்தான். கீழே இறங்கினதுக்கு அப்புறம் சர்க்கஸ் கம்பெனியில மக்கள் தொடர்பு அதிகாரி வேலையும் பார்த்திருக்கார். அப்புறம் வாழ்நாள் முழுக்க எழுதினது எதைப் பத்தின்னு நினைக்கிறீங்க? கூடாரத்தைப் பத்தியும், அதுக்குள்ள இருந்த மனுஷங்களைப் பத்தியும்தான். நாவல், சிறுகதை, சர்க்கஸ் வரலாறுன்னு வரிசையா. 'தம்பு பறஞ்ஞ ஜீவிதம்'னு ஒரு புத்தகம். தம்புன்னா கூடாரம். கூடாரம் சொன்ன வாழ்க்கை! மொத்தப் பங்களிப்புக்காக 2014-க்கான கேரள சாகித்ய அகாடமி விருது அவருக்குக் கிடைச்சது.

எனக்கு உடனே டிபன் பையோட நின்ன அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. அங்கே ஒருத்தர் உள்ளே இருந்தே எழுதி வெச்சிருக்கார். இங்கே ஒரு நோட்டீசுகூட மிஞ்சலை. அது எப்படி? நேர்ல போய்க் கேட்கலாம்னா ஆளே இல்லை. சரி, ஊரையாவது பார்ப்போம்னு பொங்கல் லீவுல கிளம்பிட்டேன்.

ரூட் ரொம்ப ஈஸி. அரூர் வழியா சேலம் பஸ். சேலத்துல, பெங்களூருல இருந்து ஓசூர், தர்மபுரி வழியா கண்ணூர் போற ராத்திரி ரயில். ஓசூர்ல வேலை பார்க்கிற மலையாளிப் பசங்க பாதிப் பெட்டியை நிரப்பியிருந்தாங்க. மேல் பெர்த்துல படுத்து, காலையில கண்ணைத் திறந்தா தென்னை, ஆறு, சிவப்பு மண், அப்புறம் தலசேரி.

தலசேரிக்காரங்க தங்க ஊரை மூணே வார்த்தையில சொல்லிடுவாங்க. கேக், கிரிக்கெட், சர்க்கஸ். கேக் எப்படின்னா, 1883-ல மாம்பள்ளி பாப்புங்கிற பேக்கரிக்காரர் இங்கேதான் கிறிஸ்துமஸ் கேக் சுட்டார். கிரிக்கெட்டை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். கிழக்கிந்தியக் கம்பெனி 1708-ல கட்டின கோட்டை இன்னமும் கடலைப் பார்த்து நிக்குது. சர்க்கஸ் கதைதான் செம.

1880-ல மராட்டியக்காரர் விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில 'கிரேட் இண்டியன் சர்க்க'ஸைத் தொடங்கினார். அந்தக் கூடாரம் ஊர் ஊரா சுத்தி தலசேரிக்கும் வந்துச்சு. இங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன்னு ஒரு வாத்தியார். களரி தெரிஞ்சவர், பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தர்றவர். சர்க்கஸைப் பார்த்தார். களரி உடம்புக்கு இது வராதான்னு தோணிடுச்சு. பசங்களைப் பழக்க ஆரம்பிச்சு, 1901-ல சிறக்கரையில சர்க்கஸ் பள்ளிக்கூடமே திறந்துட்டார். அவர்கிட்ட படிச்சவங்க ஆளுக்கொரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. கயித்து மேல துள்ளி ஆடுற கண்ணன் பொம்பாயோங்கிற தலசேரிக்காரர் 1930-கள்ல அமெரிக்காவோட ரிங்லிங் சர்க்கஸ் வரைக்கும் போனார். ஜெமினி, ஜம்போன்னு நீங்களும் நானும் போஸ்டர்ல பார்த்த பேருக்குப் பின்னாலயும் இந்தப் பக்கத்து ஆளுங்கதான். ஜெமினி சர்க்கஸை 1951-ல தொடங்கினவர்கள்ல ஒருத்தரான எம்.வி.சங்கரன் 2023-ல காலமானப்போ அவருக்கு 99 வயசு.

ஆட்டோ டிரைவர்கிட்ட "சர்க்கஸ் சம்பந்தமா ஏதாவது பார்க்கணும் சேட்டா"ன்னேன். அவர் சிரிச்சார். "கூடாரம் ஒண்ணும் இப்போ இல்லை. ஆளைப் பார்க்கணுமா?" நேரா அவரோட அம்மாவனைப் பார்க்கக் கூட்டிட்டுப் போயிட்டார். தாய்மாமன். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். தோள்பட்டை மட்டும் அந்த வயசுக்குச் சம்பந்தமே இல்லாம அகலம். பார் விளையாட்டுல கேட்சராம். மதுரையிலயும் கோயம்புத்தூர்லயும் கூடாரம் போட்ட நாட்கள்ல கத்துக்கிட்ட தமிழ் நல்லாவே வருது. "கூடாரத்துக்குள்ள எல்லாரும் ஹிந்திதான். வெளியில எந்த ஊரோ அந்தப் பாஷை"ன்னார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்ச விஷயம் இது. பார்ல தாவுறவர் கையைக் கோத்துப் பிடிக்கிறதா நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். தப்பு. உள்ளங்கையில வேர்வை இருக்கும், வழுக்கிடும். அதனால ரெண்டு பேரும் ஒருத்தர் மணிக்கட்டை ஒருத்தர் பிடிக்கணும். கையில பவுடர் போட்டுக்குவாங்க. கேட்சர் முட்டியை மடக்கித் தலைகீழாத் தொங்கி, ஊஞ்சலை ஒரே கணக்குல ஆட்டிக்கிட்டே இருக்கணும். தாவுறவர் அரை நொடி முன்னாடி விட்டாலும், பின்னாடி விட்டாலும் வலைதான். வலையில விழறதுக்கும் படிப்பு உண்டு. முதுகு படுற மாதிரி விழணும். காலை ஊன்றி விழுந்தா கால் போச்சு. தலை கீழே வந்தா கழுத்து. அப்புறம் இன்னொண்ணு. கடைசியில பபூன் ஒருத்தர் ஏறி, பயந்து நடுங்கி, நிக்கர் அவுந்து, தப்பும் தவறுமா தாவி வலையில விழுவார் பாருங்க... அந்தக் கூட்டத்துலயே நல்லா பார் விளையாடத் தெரிஞ்சவர்தான் பெரும்பாலும் அந்த வேஷம் போடுவாராம். சரியா விளையாடத் தெரிஞ்சாத்தான் தப்பா விளையாடி உயிரோட திரும்பலாம்!

"கைத்தட்டல் யாருக்கு?"ன்னு கேட்டேன்.

"தாவினவனுக்கு. பிடிச்சவனை யார் பார்க்கிறாங்க? லைட்டே என் மேல விழாது."

பேசிக்கிட்டே ஒரு ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். கறுப்பு வெள்ளை போட்டோக்கள். ஒவ்வொண்ணுக்கும் பின்னால பேர், ஊர், வருஷம். யானைக்குக்கூட பேர் எழுதியிருந்தார். ஒன்பது வயசுல வீட்டை விட்டுப் போனவர். "எனக்குப் பள்ளிக்கூடம் அதுதான்"ன்னு சொன்னவர், உடனே "என் பேரனை விட்டிருக்க மாட்டேன்"னும் சொன்னார். நானும் தலையாட்டினேன். 2011-ல சுப்ரீம் கோர்ட் சர்க்கஸ்ல சின்னப் பிள்ளைங்களை வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டது சரிதான். அதுக்கு முன்னாடியே 1998-ல சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு அஞ்சையும் வித்தைக்குப் பழக்கத் தடை. கம்பெனிகள் வழக்குப் போட்டும் 2001-ல சுப்ரீம் கோர்ட் அதை உறுதி பண்ணிடுச்சு. அதுவும் சரிதான். ஆனா இந்தச் சரிக்கெல்லாம் நடுவுல, ஏற்கெனவே கூடாரத்துலயே வளர்ந்து வேற தொழில் தெரியாத பெரியவங்க என்ன ஆனாங்கன்னு யாருக்காவது தெரியுமா? கேரளாவுல ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு அரசு பென்ஷன் உண்டு. அவங்களைக் கலைஞர்னு ஏத்துக்கிட்டதுக்கு அது ஒரு அத்தாட்சி.

அதுக்கு எத்தனையோ பேர் போராடியிருப்பாங்க. ஆனா படிக்கிற ஜனத்துக்கு இவங்களை மனுஷங்களா அறிமுகப்படுத்தினதுல ஸ்ரீதரனுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். சினிமாவையே எடுத்துக்குங்க. நம்ம ஊர்லயும் சர்க்கஸ் படங்கள் உண்டு. 1948-ல 'சந்திரலேகா'வுக்காக வாசன் நிஜ சர்க்கஸ் கம்பெனிகளையே கூட்டிட்டு வந்தார். 1966-ல எம்.ஜி.ஆரோட 'பறக்கும் பாவை'. ரெண்டுலயும் நமக்கு ஹீரோ, ஹீரோயின் பேர் தெரியும். நிஜமா உயரத்துல தொங்கினவங்க பேர்?

1980-ல கே.ஜி.ஜார்ஜ் டைரக்‌ஷன்ல வந்த 'மேள' படத்தோட கதை ஸ்ரீதரனுடையது. திரைக்கதையிலயும் அவர் பங்கு உண்டு. அதுல ஹீரோவே கோமாளிதான்! உயரம் குறைஞ்ச ஒரு சர்க்கஸ் கோமாளி லீவுக்கு ஊருக்கு வர்றான். கை நிறையக் காசு. உயரமான அழகான பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போறான். ஊரே சிரிக்கிற ஒரு ஆளு, வீட்டுக்குள்ள புருஷனா எப்படித் தலை நிமிர்ந்து நிப்பான்? அதுதான் படம். மரணக் கிணத்துல பைக் ஓட்டுறவரா வந்தது அப்போ புதுமுகம் மாதிரி இருந்த மம்மூட்டி. அவரு ஹீரோ இல்லை, கவனிங்க! ஹீரோவா நடிச்ச ரகு நிஜமாவே சர்க்கஸ்ல இருந்து வந்தவர். 2021-ல காலமாகிற வரைக்கும் 'மேள' ரகுன்னுதான் அவருக்குப் பேர். நம்ம 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்துலயும் இருக்கார். அடுத்த தடவை டி.வி.யில போட்டா, அப்புவை மட்டும் பார்க்காம பக்கத்துல இருக்கிறவங்களையும் பாருங்க.

வெளியில இருந்து எழுதறவன் சர்க்கஸ்னாலே புலி, சாகசம், இல்லேன்னா 'சிரிப்புக்குப் பின்னால் சோகம்'னு எழுதிட்டுப் போயிடுவான். (நானும் அப்படித்தான் எழுத வந்தேன்னு வெச்சுக்குங்களேன்.) உள்ளே இருந்தவனுக்கு வேற கணக்கு. லீவு எப்போ, சம்பளம் எப்போ, மழையில கூடாரத் துணி தாங்குமா, ஊர்ல பொண்ணு குடுப்பாங்களா... 2013-ல அவர் இங்கிலீஷ்ல இந்திய சர்க்கஸ் வரலாறு எழுதினப்போ அதுக்கு 'ஆல்பம்'னுதான் பேர் வெச்சார். 'ஆன் ஆல்பம் ஆஃப் இண்டியன் பிக் டாப்ஸ்'. அந்தப் பெரியவர் வீட்டு ஆல்பத்தைப் பார்த்துட்டு வந்தவனுக்கு அந்தத் தலைப்பு நல்லாவே புரிஞ்சது.

சம்பாடுங்கிறது தலசேரிக்குப் பக்கத்துல இருக்கிற ஊர். அவர் பேரோட ஒட்டிக்கிட்டிருக்கிற ஊர். அங்கேயும் போனேன். பார்க்க ஒண்ணும் இல்லை. ஒரு கடைத்தெரு, வாசகசாலை, பஸ் ஸ்டாப். டீ குடிச்சேன், திரும்பிட்டேன். சில ஊர்கள்ல அவ்வளவுதான் செய்ய முடியும்.

திரும்பி வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டு வாங்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசல்ல ஒரு மாமரம், சுவத்துல சாய்ச்ச ஒரு துருப்பிடிச்ச சைக்கிள். ("அந்த சைக்கிள் இல்லப்பா, இது ரேஷன் கடைக்குப் போற சைக்கிள்.") அக்கா காபி குடுத்துட்டு, "இவரு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு தம்பி, பார்த்துக்க"ன்னு எச்சரிச்சுட்டு உள்ளே போயிட்டாங்க.

முதல்ல அவருக்கு நம்பிக்கை வரலை. "இதை எதுக்கு எழுதற? யாரு படிப்பா?" தலசேரிக்காரரைப் பத்திச் சொன்னேன். பார் விளையாடினவர், எழுத்தாளர் ஆனவர்னு. கொஞ்ச நேரம் யோசிச்சார். "படிச்சவராப்பா?" "எழுதினவருண்ணா"ன்னேன்.

ஆரம்பிச்சார் பாருங்க. தூக்கம் வராம இருக்க என்ன பண்ணுவார் (மூணாவது நாள்தான் மோசம், அதைத் தாண்டிட்டா உடம்பு பழகிடும்), மத்த அவசரத்துக்கு என்ன ஏற்பாடு (அச்சிட முடியாது பாஸ்!), குழிக்குள்ள படுக்கும்போது முகத்துக்கு மேல பலகையை எப்படி வைக்கணும், கண்ணாடித் தூள் கண்ணுல படாம டியூப் லைட்டை எந்தப் பக்கம் சாய்ச்சு உடைக்கணும். எழுதிக்கிட்டே வந்தேன். சிங்காரப்பேட்டை, கல்லாவி, மத்தூர், சாமல்பட்டின்னு ஊர்ப் பேரா கொட்டினார். எந்த ஊர்ல மழை வந்துச்சு, எந்த ஊர்ல சட்டையில அதிகம் நோட்டு குத்தினாங்க, எல்லாம் ஞாபகம் இருக்கு.

"உங்க செட்ல யார் யார்ண்ணா?"

மைக்ல பேசினவர் பேர் சொன்னார். பபூன் பேர் சொன்னார், செத்துட்டாராம். அப்புறம் நிறுத்திட்டார்.

"அந்த டான்ஸ் ஆடுற அக்கா?"

"ஜோதிலட்சுமி."

"அது சினிமா பேருண்ணா. மைக்ல சொல்றது. நிஜப் பேரு?"

வாயைத் திறந்தார். மூடினார். நாலு வருஷம் ஒரே அடுப்புல சோறு பொங்கித் தின்னவங்க. குழியிலிருந்து அவரை வெளியே எடுக்கும்போது கையைப் பிடிச்சுத் தூக்கறது எப்பவும் அந்த அக்காதானாம். ஒருதடவை மண்ணு அதிகமாப் போட்டு இவருக்கு மூச்சு நின்னப்போ, கூட்டம் கை தட்டிக்கிட்டிருக்க, அந்த அக்காதான் கத்திக்கிட்டே வெறும் கையால தோண்டியிருக்கு. "அதோட பேரு எனக்குத் தெரியாம இருக்குமா? இருப்பா... இருப்பா..."

தெரியலை. உள்ளே இருந்து அக்கா எட்டிப் பார்த்தாங்க. அவர் மாமரத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். நான் நோட்டுல அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டு, வேற ஏதோ கேட்டேன். அதுக்கப்புறம் அவர் சரியாப் பேசலை.

மூணு நாள் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்குப் போன். பதறிட்டு எடுத்தேன். பின்னால லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், யாரோ விசில் ஊதுற சத்தம். நைட் ஷிப்ட்ல இருந்து பேசறார்.

"தூங்கிட்டியாப்பா? பேரு வரல. ஆனா அதோட அம்மா ஊரு ஞாபகம் வந்துடுச்சு. சிங்காரப்பேட்டைக்கு அந்தாண்ட, மலையோரம். கோயில் பக்கத்துல ஒரு புளியமரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை லீவு சொல்லிட்டேன். உன் வண்டியில போலாமா? அந்த நோட்டையும் எடுத்துக்க."